மேட்டுக்கு வராத செவலை

ஐப்பசி பிறந்துவிட்டால் நாங்கள் மாடுகளை மேட்டுக்கு ஓட்டிவிடுவோம். மேடு என்றால் அஸ்தினாபுரத்துப் பக்கம் இருக்கும் மலையின் அடிவாரம். அங்கே என் கணவரின் அக்கா வீட்டை ஒட்டி, பாறையும் முள்ளுமாகக் கொஞ்சம் இடம் காலியாகக் கிடக்கிறது. மழை முடிந்து தை வந்ததும் திரும்ப முடிச்சூருக்கு இறக்கிவிடுவோம். அதற்குள் ஏரியில் தண்ணீர் பின்வாங்கி, ஓரமெல்லாம் புல் முளைத்திருக்கும். கோடை முழுக்க மாடுகளுக்கு அதுதான் தீனி.

மழைக்காலத்தில் மட்டும் கீழே இருக்க முடியாது. எங்கள் கொட்டகை அடையாற்றை ஒட்டிய பள்ளத்தில் இருக்கிறது. சுற்றியுள்ள ஏரிகள் நிரம்பி வழிந்தால் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வந்துவிடும். மனிதர்கள் மொட்டைமாடிக்கு ஏறிக்கொள்ளலாம். மாட்டை எங்கே ஏற்றுவது?

என் கணவர் வீட்டார் முடிச்சூரின் பழைய விவசாயிகள். நிலமெல்லாம் மனைகளாகி, மாடு மட்டும் மிஞ்சியது. கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து இந்த நடையில் நானும் போகிறேன். முதலில் பெரிய மாடு, அதன் பின்னால் மற்றவை. அவர் பக்கத்தில் நடந்து வண்டிகளுக்குக் கை காட்டுவார். கடைசியில் நான், சாணி அள்ளுவதற்கு ஒரு பக்கெட்டோடு. அந்த இடம் எனக்குச் சௌகரியமாக இருந்தது. முன்னால் பார்த்துக்கொண்டு போகிறவர்கள் கடைசியில் வருகிறவளைக் கவனிப்பதில்லை. நான்கு பேர் பார்க்கிற இடத்தில் எனக்குக் குரலே எழும்பாது. பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை போனேன். ஒரு நாள்கூட எழுந்து நின்று பதில் சொன்ன ஞாபகம் இல்லை.

வழியில் கஷ்டமான இடம் ஒன்றுதான். தண்டவாளத்துக்கு அடியில் போகும் சப்வே. உள்ளே இருட்டாக இருக்கும். மேலே ரயில் போனால் சுவரே அதிரும். பெரிய மாடு தலையைத் தாழ்த்திக்கொண்டு நேராக உள்ளே போய்விடும். மற்றவை அதன் வாலில் மூக்கு வைத்தாற்போல ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்.

அந்தப் பெரிய மாட்டைப் போன ஆவணியில் என் கணவர் விற்றுவிட்டார். பால் வற்றிவிட்டது, சினையும் நிற்கவில்லை. குன்றத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து ஓட்டிக்கொண்டு போனார். அதற்கு முந்தின நாள் நான் கேட்டேன்.

“மழைக்கு ஓட்டும்போது சப்வேல எது முன்ன போவும்?”

அவர் சிரித்தார். “அது இன்னா பஸ் டிரைவரா? இத்தினி வருசமா போய்கினு கீதுங்க. வழி தெரியாதா?”

அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மிஞ்சிய மாடுகளில் ஒன்றான செவலை நிறைசினையாக இருந்தது. கொட்டகையிலேயே கன்று போட்டுவிடட்டும், பிறகு ஓட்டலாம் என்று அவர் காத்திருந்தார். இன்றைக்குப் போடும், நாளைக்குப் போடும் என்று ஐப்பசி நகர்ந்தது. மழை வந்துவிட்டது, கன்று வரவில்லை.

எங்களிடம் பால் வாங்குகிற ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தெருமுனையில் இருக்கிறார். ஞாயிறானால் வெள்ளைப் புடவையில் சர்ச்சுக்குப் போவார். மற்ற நாட்களில், கேட்டுக்கு முன்னால் மாடு சாணி போடுகிறது என்று எங்களைத் திட்டுவார். அவர்தான் அன்றைக்கு வாசலுக்கே வந்து, “ஆத்துல தண்ணி ஏறுதாம்மா, இன்னும் என்ன பண்றீங்க?” என்று கேட்டார். செவலையோடு சேர்த்து நான்கு மாடுகளையும் அவிழ்த்துக்கொண்டு கிளம்பினோம். தூறல் நிற்கவே இல்லை.

சப்வே வரைக்கும் என் கணவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. மாடுகள் தானாகவே திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பின. ஜி.எஸ்.டி. ரோட்டைக்கூடத் தாண்டிவிட்டன. சப்வே வாயில் வந்ததும் நின்றுவிட்டன. ஒன்று இன்னொன்றின் பின்னால் ஒதுங்கியது. அதுவும் அடுத்ததன் பின்னால் ஒதுங்கியது. உள்ளே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது.

பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஒரே ஹாரன்.

“யக்கா, இன்னாக்கா ரோட்ட மறிச்சிகினு நிக்கிறீங்க?” என்றான் பைக்கில் இருந்த ஒருவன்.

“ஃபாஸ்டேக்ல பேலன்ஸ் இல்ல போல மச்சான்” என்றான் அவன் பின்னால் உட்கார்ந்திருந்தவன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் பக்கெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் செவலையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்தார். அது பின்னங்கால்களை ஊன்றிக்கொண்டு அசையவில்லை. கையை ஓங்கி முதுகில் ஒன்று வைத்தார். சினை மாட்டை அவர் அடித்து நான் பார்த்ததே இல்லை.

“ஏங்க, வேணாங்க.”

“அப்ப நீ முன்ன போ. தவிடு வெக்கும்போது கூப்புடுவியே, அப்பிடி கூப்புடு.”

கொட்டகையில் யாரும் இல்லாதபோது நான் மாடுகளைக் கூப்பிடுவது ஒருமாதிரியாக இருக்கும். நாக்கை மடித்து ஒரு சத்தம், பிறகு குழந்தையைக் கொஞ்சுவதுபோல இரண்டு வார்த்தை. இத்தனை பேருக்கு நடுவில் அதைச் செய்ய வேண்டும் என்றதும் எனக்கு அழுகை வந்தது. பக்கெட்டை ஓரமாக வைத்துவிட்டு, மாடுகளின் முகத்துக்கு முன்னால் போய் நின்று, முதுகை ஜனங்களுக்குக் காட்டிக்கொண்டு கூப்பிட்டேன். முதல் தடவை எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை கருப்பு மாடு காதைத் திருப்பியது. நான் தண்ணீரில் இறங்கினேன். அதுவும் இறங்கியது. கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன். பாதி தூரத்தில் மேலே ரயில் வந்தது. சுவர் அதிர்ந்ததும் மாடுகள் மிரண்டு என்னைத் தாண்டி ஓடின, நானும் ஓடினேன்.

வெளிச்சத்துக்கு வந்து எண்ணினால் மூன்றுதான். செவலை இல்லை. அவரும் இல்லை.

மூன்றையும் விட்டுவிட்டுத் திரும்பிப் போக முடியாது. ஒரு பெட்டிக்கடை ஓரமாக நிறுத்திக்கொண்டு நின்றேன். போன் வந்தது.

“ரயில் சத்தத்துல கயித்த புடுங்கினு திரும்பிடுச்சு. வூட்ட பாத்து போவுது. நான் பின்னாலயே போறேன். நீ அக்கா வூட்டுக்கு போய்டு.”

“தனியாவா?”

“மூணு மாடு கூட கீதில்ல.”

அதை அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அவருக்கு மூச்சு வாங்குவது கேட்டது.

நாத்தனார் வாசலில் நின்று மாடுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “செவல எங்கடி?” என்றார். சொன்னேன். “போன ஈத்து அந்த கொட்டாயிலதானே போட்டுச்சு? அதே எடத்தத்தான் தேடும். உம்புருசன் மாட்ட குத்தம் சொல்றதுக்கு முன்ன, பெரிய மாட்ட வித்தானே, அத சொல்லு” என்றார். நான் என் கணவரைத் திட்டவும் இல்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. அடிவாரத்தில் மாடுகளைக் கட்டிவிட்டுப் பால் கறந்தேன். மழை வலுத்துக்கொண்டே இருந்தது. கீழே இருப்பவரின் போனுக்கு மறுபடி மறுபடி அடித்தேன். கிடைக்கவே இல்லை.

மறுநாள் காலையில் டீச்சரின் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. என் கணவர்தான் பேசினார். விடியும்போது கொட்டகைக்குள் தண்ணீர் வந்துவிட்டதாம். செவலையை ஓட்டிக்கொண்டு தெருவில் முழங்கால் தண்ணீரில் நின்றிருக்கிறார். டீச்சர் மேலிருந்து பார்த்துவிட்டு, இறங்கி வந்து கேட்டைத் திறந்து, கார் நிறுத்துகிற போர்டிகோவுக்கு ஏற்றச் சொல்லியிருக்கிறார். அது உயரமாகக் கட்டினது. ஏறுகிற சரிவில் வழவழவென்று டைல்ஸ் பதித்திருந்தார்கள். ஈரக் குளம்போடு ஏறிய செவலைக்குப் பின்னங்கால்கள் இரண்டும் இரண்டு பக்கமாக விரிந்து வழுக்கி, அப்படியே விழுந்துவிட்டது. விழுந்த மாட்டைக் கோணிப்பை போட்டு இழுத்து மேலே சேர்த்திருக்கிறார்கள். அங்கேயே கன்று போட்டது.

“கெடேரி கன்னு. நல்லா கீது. இதுதான் எழுந்துக்கவே மாட்டேங்குது.”

டீச்சர் போனை வாங்கினார். “நான்தாம்மா உள்ள கூட்டிட்டு வரச் சொன்னேன். டைல்ஸ் போட்டிருக்கேன்கிற யோசனையே வரல. ஜெபம் பண்ணிட்டே இருக்கேன்மா.”

“நீங்க இல்லன்னா ஆத்தோட போயிருக்கும் டீச்சர்” என்றேன். அவர் சொன்னது, நான் சொன்னது, இரண்டுமே உண்மை. அவருக்கு எது காதில் விழுந்ததோ தெரியாது.

தண்ணீர் இருந்தவரை மாட்டு டாக்டரால் தெருவுக்குள் வர முடியவில்லை. வடிந்த பிறகு வந்து ஊசி போட்டார். போர்டிகோவின் கம்பியில் கயிறு கட்டி நான்கைந்து பேர் தூக்கிப் பிடித்ததில் செவலை எழுந்து நின்றது. ஆனால் வலது பின்னங்கால் ஊன்றவில்லை. உயிருக்கு ஒன்றும் இல்லை, பாலும் தரும், தூரம் மட்டும் நடக்க வைக்காதீர்கள் என்றார் டாக்டர்.

தையில் மற்ற மூன்றையும் இறக்கிவிட்டோம். செவலை கொட்டகைக்கும் வாசலுக்கும் காலை இழுத்துக்கொண்டு நடக்கிறது. ஏரி வரைக்கும் போக முடியாததால் புல்லை நான் அறுத்துக்கொண்டு வந்து போடுகிறேன். அடுத்த மழைக்குச் செவலையை மேட்டுக்கு ஏற்றிப்போக, மினி லாரி ஓட்டுகிற ஒருவரிடம் என் கணவர் பேசிப் பார்த்தார். அவர் மாட்டின் காலைப் பார்த்துவிட்டு, “பலகைல ஏறும்போது சாஞ்சிச்சுன்னா நான் பொறுப்பில்லண்ணா” என்று சொல்லிவிட்டார். ஒரு தரகரும் வந்தார். நொண்டி மாட்டை எதற்கு வாங்குவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவரை இவர் வாசலோடு அனுப்பிவிட்டார்.

“வர்ற ஐப்பசிக்கு நீ மூணையும் ஓட்டிகினு மேல போய்டு. நான் செவலையோட கீழ கீறேன்” என்றார்.

“தண்ணி வந்தா?”

செவலையின் காலில் எண்ணெய் தடவிக்கொண்டே இருந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது.

போன வாரம் பால் ஊற்றப் போனபோது டீச்சர் வீட்டுச் சரிவில் ஆள் வைத்து டைல்ஸைக் கொத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சொரசொரப்பாகச் சிமென்ட் பூசிக் குறுக்கே கோடு இழுக்கச் சொல்லியிருக்கிறார். “எனக்கும் முட்டி சரியில்ல, வழுக்குது” என்றார். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். மறுநாள் இவரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

போர்டிகோவின் வெளிச்சுவரில் இந்த மழைக்குத் தண்ணீர் நின்ற கறை இன்னும் இருக்கிறது. செவலை கிடந்த போர்டிகோ தரைக்கு ஒரு சாண்தான் கீழே. கோடு இழுத்த ஆள், டீச்சர், இவர், நான், எல்லோருமே அதைப் பார்த்திருக்கிறோம்.