துண்டை வீசியது யார்?

ஆற்றுத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேராமல், நட்ட சம்பா கருகிப்போன வருஷம் அது. பட்டுக்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போக நினைக்கும் பெண்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். இலக்கணத்தில் நான் சுமார். சிரிக்க வைப்பதில் கெட்டிக்காரன் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பும் எனக்கு மட்டும்தான்.

அன்றைக்கு 'த்ரோ இன் த டவல்' என்ற தொடரை நடத்தினேன். குத்துச்சண்டையில் தன் ஆள் அடிமேல் அடி வாங்கும்போது, ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளர் துண்டை உள்ளே வீசுவார். அதோடு ஆட்டம் முடிந்தது. தோல்வியை ஒப்புக்கொண்டு கைவிடுகிற எதற்கும் இதைச் சொல்லலாம் என்று விளக்கினேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். உதாரணம் வேண்டுமே என்று டீக்கடையில் கேட்ட கதையை எடுத்துவிட்டேன். பக்கத்து ஊரில் குத்தகைக்குப் பயிர் வைத்த ஒருவர், எல்லாரும் தண்ணீருக்குக் காத்திருக்க, நட்ட வயலில் மாட்டை அவிழ்த்து மேயவிட்டுவிட்டாராம். மறுவாரமே மழை கொட்டி, காத்திருந்தவர்களுக்குப் பாதியாவது தேறியதாம். ஊரிலேயே அந்த மாடு ஒன்றுதான் அந்த வருஷம் முழு மகசூல் கண்டது என்று என் பங்குக்குச் சேர்த்தேன். வகுப்பு சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாக நான் சிரித்தேன்.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்தார்.

"சார், துண்டைப் போடுறது அடி வாங்குறவரு இல்லல்ல?"

இல்லம்மா, பக்கத்தில் நிற்கிறவர்தான் என்றேன், சிரிப்பு மாறாமலே.

"அப்ப அது நான்தாங்க. நீங்க சொன்னது எங்க வீட்டுக்காரரை. சோறு தண்ணி இல்லாம வரப்புலயே கெடந்தாரு. பயிரு கருகுறதப் பாத்துப் பாத்து ஆளும் கருகிட்டாரு. பயிரு போனாப் போவுது, இவரு மிஞ்சட்டும்னு நான்தான் மாட்ட அவுத்து விட்டேன். ஊர்ல அவரத்தான் பேசுறாங்க. அவரும் ஆமா, நான்தான் விட்டேன்னு சொல்லிக்கிறாரு."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"மறுவாரம் மழ பேஞ்சதும் நெசம்தாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வகுப்பை முடித்துக்கொள்ளலாம் என்பதுதான் வெளியே வந்தது.

அந்தத் தொடரை இப்போதும் நடத்துகிறேன். உதாரணத்துக்கு என் சொந்தத் தோல்விகளையே எடுத்துக்கொள்கிறேன், சரக்குக்குக் குறைவில்லை. ஆனால் வேறு யாராவது தோற்றுப்போன கதை காதில் விழுந்தால், சிரிப்பு வருவதற்கு முன்பே எனக்கு வெட்கம் வந்துவிடுகிறது.