டிபன் டப்பா கண்டெடுக்கப்பட்டது

நேற்று மதியம் பல்கலைக்கழக நூலகத்தில் என் டிபன் டப்பாவை மறந்துவிட்டேன். இன்று வாசல் பலகையில் ஓர் அறிவிப்பு: "டிபன் டப்பா கண்டெடுக்கப்பட்டது. உரியவர் உள்ளே இருந்ததைச் சரியாகச் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்."

நூலக உதவியாளர் மணியண்ணனிடம் போனேன்.

"உள்ள என்னங்க தம்பி இருந்துச்சு?"

"கொள்ளுப் பருப்புச் சோறுங்ண்ணா."

"தொட்டுக்க?"

"ரெண்டு அப்பளம்."

"சரிதானுங்க. ஊசிப் போயிருமேன்னு நேத்தே நாங்க மூணு பேரு தின்னுபோட்டோமுங்க. மூணு பேருக்கு அப்பளந்தான் பத்தலைங்க. ஊட்ல நல்லா சமைக்கறாங்க!"

"நான் ஆக்குனதுங்ண்ணா."

அண்ணன் எழுந்துபோய் அறிவிப்பின் கீழே பேனாவால் எழுதி, நூலக முத்திரையும் குத்தினார்: "உரியவர் கிடைத்துவிட்டார். சோறு அருமை."

என் சமையலை வாயில் வைக்காத அறைத்தோழர்களுக்கு அதைப் படமெடுத்து அனுப்பியாகிவிட்டது.

நாளை எந்தத் துறையில் டப்பாவை மறக்கலாம்? அங்கே சாப்பிட எத்தனை பேர் என்றும் சொல்லிவிடுங்கள், அப்பளம் பொரிக்கணும்.