பூண்டுக்காட்டு அடிக்குறிப்பு

ஆய்வேடு டைப் அடிக்கிறவளுக்கு விஷயம் புரிய வேண்டிய அவசியமே இல்லை. புரிந்துவிட்டால் வேகம் குறைந்துவிடும். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில வருடங்கள், கொடைக்கானல் ஏழு ரோடு பக்கம் ஒரு மாடி அறையில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தேன். அடுத்தவர் கோழிக் கிறுக்கலைப் பார்த்துப் பார்த்தே கண்ணாடி போட்டுக்கொண்ட சக பாவிகளுக்கு என் கஷ்டம் புரியும். ஊரிலேயே பெண்கள் பல்கலைக்கழகம் இருந்ததால் எனக்கு வந்த வேலையில் பாதி, பெண்ணிய மெய்யியல் பற்றிய எம்.பில். ஆய்வேடுகள்.

நன்றியுரைக்கு ஒரே அச்சு

நன்றியுரையை நான் புதிதாக அடிப்பதே இல்லை. எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதிக்கொண்டு வருவார்கள்: நெறியாளருக்கு, நூலகருக்கு, கடைசியாக ‘ஆய்வு செய்ய அனுமதி தந்த என் அன்புக் கணவருக்கு’. அதனால் ஒரு பக்கத்தைத் தயாராக வைத்துக்கொண்டு பெயர்களை மட்டும் மாற்றிவிடுவேன். ஒரு நாள் அவசரத்தில், முந்தைய வாடிக்கையாளரின் கணவரை எடுக்க மறந்துவிட்டேன். அந்த ஆய்வேடு மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த ஒரு கன்னியாஸ்திரியுடையது. பைண்டிங்கும் முடிந்து நான்கு பிரதிகள் மேசையில் இருந்தன.

சிஸ்டர் முதல் பக்கத்தைப் புரட்டினார். அவர் திட்டவில்லை. கம்ப்யூட்டரில் இருக்கும் மற்ற நன்றியுரைகளையும் காட்டுங்கள் என்றார். ஒன்பதோ பத்தோ இருந்தன. ஒன்று விடாமல் படித்துவிட்டுக் கேட்டார்: “எனக்கு நீங்க கல்யாணம் முடிச்சு வச்சத விடுங்க. இவங்க எல்லாருமே அனுமதி வாங்கிக்கிட்டுத்தானா விடுதலையப் பத்தி எழுதியிருக்காங்க?”

எல்லோருக்கும் ஒரே கடைசிப் பத்தி

அன்றிலிருந்து படித்துக்கொண்டே அடிக்கும் கெட்ட பழக்கம் வந்துவிட்டது. அறிவுக்கு உடம்பு கிடையாது, அங்கே ஆண் பெண் என்ற பேச்சே இல்லை என்று பழைய தத்துவம் சொன்னதாம். அப்படிச் சொன்னவர்களுக்குச் சோறு வடித்துப் போட்டது யார் என்று பெண்கள் கேட்டார்களாம். நாம் எங்கே நின்று பார்க்கிறோமோ அதற்கேற்பத்தான் உலகம் தெரியும் என்றார்களாம். எல்லாப் பெண்ணும் ஒரே இடத்திலா நிற்கிறாள் என்று கறுப்பினப் பெண்களும் தலித் பெண்களும் அவர்களையே திருப்பிக் கேட்டார்களாம். அடுத்த பக்கத்தில் என்ன வருமோ என்று எனக்கு இருப்புக் கொள்ளாது. ஆனால் எல்லா ஆய்வேடும் ஒரே இடத்தில் சப்பென்று முடியும்: ‘இத்துறையில் மேலும் ஆய்வுகள் தேவை.’

யோகேஸ்வரியின் ஆய்வேட்டுக்குத் தலைப்பு ‘பெண்ணிய மெய்யியல்: இன்றைய நிலையும் இனிச் செல்லும் திசையும்’. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அம்மா பூம்பாறையில் பூண்டுக்காட்டு வேலைக்குப் போகிறவர். இன்றைய நிலைக்கு நான்கு இயல் எழுதியிருந்தாள். இனிச் செல்லும் திசைக்கு வெள்ளைத்தாள்தான் இருந்தது. கவலைப்படாதே, என்னிடம் தயாராக ஒரு பத்தி இருக்கிறது, ஒட்டிவிடுகிறேன் என்றேன். அவள் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். “எல்லாருக்கும் ஒரே எதிர்காலமாக்கா?”

யோசிக்க எப்போது நேரம்?

அடுத்த வாரம் ஒரு நோட்டோடு வந்தாள். பூம்பாறையில் களை எடுக்கும் ஆறு பெண்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள்: உங்களுக்கு யோசிக்க எப்போது நேரம்? ஓய்வு இருந்தால்தான் சிந்தனை பிறக்கும் என்று அவளுடைய முதல் இயலில் பெரிய பெரிய ஆட்கள் சொல்லியிருந்தார்கள். இந்தப் பெண்களோ, கை ஓடும்போதுதான் யோசனையும் ஓடும், உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும் என்றார்கள். எனக்கும் கீபோர்டில் கை இருக்கும்போதுதான் யோசனை வருகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த ஆறு பேரில் ஒருவரான அவள் அம்மா செல்லம்மா சொன்னதை ஐந்தாம் இயலின் நடுவில் வைத்திருந்தாள். தோட்டத்து நாட்களைப் பற்றியது. அதை நோட்டில் இருந்தபடியே அடித்தேன்: “கொழுந்து எடுக்கையில கங்காணி எங்க கையத்தான் பார்த்துக்கிட்டு நிப்பான். தலைக்குள்ள என்ன ஓடுதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?”

நூல் எங்கே?

நெறியாளர் மேடம் அந்த இயலுக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட்டு அனுப்பிவிட்டார். மேற்கோளுக்கு ஆசிரியர், ஊர், பதிப்பகம், ஆண்டு, பக்கம் எதுவும் இல்லையாம். வெள்ளிக்கிழமைக்குள் அவர் கையெழுத்து விழாவிட்டால் அந்த வருடம் போச்சு. இன்னொரு வருடம் படிக்க வைக்க முடியாது என்று யோகேஸின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். ஐந்தாம் இயலை எடுத்துவிட்டால் ஒரு சிக்கலும் இல்லை. அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குத்தான் கோபம் வந்தது.

அடிக்குறிப்பு போடுவது என் தொழில். மேடம் கேட்ட வரிசையிலேயே போட்டுக் கொடுத்தேன்: ‘செல்லம்மா, பூம்பாறை: மேல்காட்டுப் பூண்டு வயல், தை மாதம், நாலாவது பாத்தி.’ ஆறு பெண்களுக்கும் ஆறு அடிக்குறிப்பு. மேடம் அதை வெகுநேரம் பார்த்தாராம். சிரித்தாரா முறைத்தாரா என்று யோகேஸுக்குச் சொல்லத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு இவ்வளவுதான் சொன்னாராம்: “வைவாவுல வெளித்தேர்வாளர் கேட்டா நான் வாயத் திறக்க மாட்டேன். நீயாச்சு, உன் பாத்தியாச்சு.”

மீதிப் பாதி

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு நடக்கும் அறையில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். பிழைதிருத்தப் பட்டியலைக் கொடுக்க நான் போயிருந்தேன். செல்லம்மாவும் வெள்ளனே பஸ் ஏறி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மதுரையிலிருந்து வந்த வெளித்தேர்வாளர் நேராக ஐந்தாம் இயலைத் திருப்பினார். இந்தப் பாத்தியில் போய் நான் எப்படிம்மா சரிபார்ப்பது என்று கேட்டார். பின்னாலிருந்து குரல் வந்தது: “செல்லம்மா நாந்தானுங்க. படிச்சுக் காட்டுங்க, சரியான்னு சொல்றேன்.”

அவர் படித்தார். பாதிதான் இருக்கிறது என்றார் செல்லம்மா. யோகேஸ் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு விஷயம் தெரியும். நோட்டில் அதற்கடுத்த வரிகளின் மேல் அவள் கோடு கிழித்திருந்தாள். கோடு கிழித்ததை டைப் அடிக்கிற நாங்கள் தொடுவதில்லை. செல்லம்மா எழுந்து நின்று மீதியைச் சொன்னார்: “கங்காணிக்குத் தெரியாதுதான். ஆனா நாப்பது வருசமா தலைக்குள்ள ஓடுனத என்னான்னு ஒருத்தரும் கேக்கலிங்க. எம்புருசனும் கேக்கல. இவளும் நோட்டத் தூக்கிட்டு வந்த அன்னைக்குத்தான் கேட்டா. யாரும் கேக்காததுல பாதி எனக்கே மறந்து போச்சு.”

வாயைத் திறக்க மாட்டேன் என்ற மேடம்தான் முதலில் பேசினார். அதை ஏன் விட்டாய் என்று கேட்டார். படிக்கக் கஷ்டமாக இருந்தது மேடம் என்றாள் யோகேஸ். வெளித்தேர்வாளர் பேனாவை மூடி வைத்தார். “அந்த மீதியையும் சேர்த்துக் கொண்டாங்க. அப்புறம் கையெழுத்துப் போடுறேன்.”

அந்த நாலு வரியைச் சேர்த்ததில் யோகேஸுக்கு எம்.பில். கிடைத்தது, எனக்குப் பக்க எண், பொருளடக்கம், பைண்டிங் எல்லாம் முதலிலிருந்து. பெண்ணிய மெய்யியல் இனி எந்தத் திசையில் போகும் என்று நான் கண்டேனா? ஆனால் ஒருத்திக்கு இடம் விட்டால் மற்றதெல்லாம் நகர்ந்தே ஆக வேண்டும் என்பது மட்டும் டைப் அடிக்கிறவளுக்குத் தெரியும்.