பயந்தவனின் விளக்கக் கடிதம்

நான் தொழிற்சங்கத்தில் சேர்ந்ததற்குக் காரணம் கொள்கை அல்ல. என் பைக்கின் கிளட்ச் கேபிள். அது மாமல்லபுரத்தில் அறுந்துபோக, வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டுச் செங்கல்பட்டுப் பேருந்தில் ஏறினேன். முன் இருக்கையில் எங்கள் சங்கத்தின் கிளைச் செயலாளர் உட்கார்ந்திருந்தார். எங்கள் தொலைபேசி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் வேலை பார்ப்பவர். என்னைவிடப் பத்து வயது இளைய பெண். "அண்ணா, அடுத்த புகார் எழுதிக்கோங்க" என்று நான் தினமும் போனில் கேட்கும் குரல் அவருடையதுதான். அன்று அந்தக் குரலோடு முகமும் வந்திருந்தது, கையில் ஒரு உறுப்பினர் படிவமும் இருந்தது.

எனக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது. ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் ஒரே அளவில் மூன்று இட்லிக் குண்டான்கள் உண்டு. மூன்றும் வாசலில் வந்து விற்றவர்களிடம் நான் தலையாட்டி வாங்கியவை. செயலாளர் திரும்பி உட்கார்ந்து, பத்தொன்பது வருடம் லைன்மேனாகக் கம்பம் ஏறியும் ஏன் இன்னும் சேரவில்லை என்று கேட்டார். யோசிக்க வேண்டும் என்றேன். திருக்கழுக்குன்றம் வரைக்கும் யோசிக்க விட்டார். அங்கே கையெழுத்துப் போட்டேன்.

சங்க அட்டையை அடையாள அட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். இரண்டே நாளில் எங்கள் மேற்பார்வையாளருக்குத் தெரிந்துவிட்டது. அதுவரை அவர் என்னை "நம்ம ஆளு" என்று சொல்லி வந்தார். அதில் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூசுகிறது. "நம்ம ஆளு" என்றால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும் வருகிற ஆள் என்று பொருள். அட்டை வந்தபின் கோவளம் பக்கம் ஒரு புகார், அடுத்தது மாவட்டத்தின் மறுகோடியில் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் என்று எனக்கு வேலை வந்தது. சாலையில் இருந்த நேரம்தான் அதிகம்.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. வார விடுமுறை யாருக்கு என்றைக்கு என்று எழுதி ஒட்ட வேண்டும் எனச் சங்கம் கேட்டு வாங்கியது. என் பெயருக்கு நேரே ஞாயிறு. முதல் ஞாயிறு வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்சியைக் கழற்றினேன். திரும்பப் பூட்டியபோது இரண்டு திருகு மிஞ்சியது. சங்கத்துக்கு என்னைத் திருப்பிக் கொடுக்க வழி இருக்கிறதா என்று மனைவி கேட்டாள்.

அந்தச் சங்கமோ என்னை மேலும் இறுக்கிக்கொண்டது. செங்கல்பட்டில் ஒரு டீக்கடைக்கு மேலே கிளைக் கூட்டம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் பேச்சு நீண்டது, நான் கண்ணயர்ந்தேன். கைதட்டல் கேட்டு விழித்தபோது, கடற்கரைப் பகுதிக்கான பாதுகாப்புப் பிரதிநிதியாக என்னை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தூக்கத்தில் தலையாட்டியிருக்கிறேன்.

பதவி வந்ததும் எனக்குக் குரலும் மாறிவிட்டது. கம்பத்தில் ஒருவர் ஏறினால் ஏணியைப் பிடிக்க ஒருவர் வேண்டும், இடுப்பு பெல்ட் வேண்டும், காற்றிலும் மழையிலும் ஏறச் சொல்லக் கூடாது. இந்த மூன்று கோரிக்கைகளையும் அலுவலக வாசலில் நின்று நான்தான் வாசித்தேன். மூன்றில் ஒன்றைக்கூட நான் அதுவரை கடைப்பிடித்ததில்லை. வேலையிடத்தில் யாருக்கும் தெரியாத இன்னொன்றும் உண்டு. எனக்கு உயரம் என்றால் பயம். பத்தொன்பது வருடமாகக் கம்பத்தை மட்டும் பார்த்து ஏறி, கம்பத்தை மட்டும் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று சொல்லி இரண்டு நாளாகப் படகுகள் போகவில்லை. மூன்றாம் நாள் பிற்பகல், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு சொகுசு விடுதியில் இணையம் நின்றுவிட்டதாகப் புகார் வந்தது. ஏதோ கம்பெனிக் கூட்டத்துக்காக நூறு பேர் அங்கே இருந்தார்கள். மேற்பார்வையாளரே காரில் வந்திருந்தார். சவுக்குத் தோப்பை ஒட்டி, மணலில் லேசாகச் சாய்ந்து நின்ற கம்பத்தில்தான் கோளாறு. என்னோடு வேறு ஆள் அனுப்பவில்லை.

"அண்ணே, பத்து நிமிஷ வேலை. ஏறி எறங்கிடுங்க" என்றார். வேலை ஆக வேண்டும் என்றால்தான் நான் அவருக்கு அண்ணன்.

ஏறினேன். நாலாவது படியில், அடித்த காற்றில் கம்பம் அசைந்தது. அல்லது நான் அசைந்தேன். வழக்கத்துக்கு மாறாகக் கீழே பார்த்தேன். விடுதிக் காவலாளிகள் இருவர் அண்ணாந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் முழங்கால்கள் தனித்தனியாக ஆடத் தொடங்கின. எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. மணலில் நின்றபடி "முடியாது சார்" என்று நான் சொல்வது எனக்கே கேட்டது.

அவர் என்னையே பார்த்தார். "இது நீங்க சொல்றதா, சங்கம் சொல்றதா?"

பயமாக இருக்கிறது என்று சொல்ல நாக்கு எழவில்லை. "சங்கம் சார்" என்றேன்.

அவர் வாதாடவில்லை. போனை எடுத்தார். அரை மணி நேரத்தில் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கும் ஒருவர் வந்தார். என் வயதுதான், இதே கடற்கரையில் என்னைப்போலவே பல வருடமாகக் கேபிள் இழுப்பவர். பெல்ட் இல்லை. என் ஏணியிலேயே ஏறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அதுதான் அன்று நான் செய்த வேலை. பத்து நிமிடத்தில் இணைப்பு வந்துவிட்டது. கம்பம் விழவில்லை. அவரும் விழவில்லை. விழுந்திருந்தால் நல்லது என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். கம்பம் மட்டுமாவது விழுந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

பிறகு இருவரும் சாலையோரம் டீ குடித்தோம். மன்னிப்புப் போல எதையோ சொல்ல வாய் எடுத்தேன். அவர் கோபமில்லாமல் சொன்னார்: "உனக்குச் சங்கம் கீது, முடியாதுன்ட்ட. எனக்கு வூடு கீது, ஏறிட்டேன். இதுல இன்னா கீது, வுடு."

மாலைக்குள் நான் ஏற மறுத்த செய்தி பரவி, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் நான் வீரனாகிவிட்டேன். கை முஷ்டிப் படங்களாக வந்து குவிந்தன. ஒவ்வொன்றுக்கும் நன்றி எழுதினேன். மனைவி மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, மொட்டை மாடி ஓரத்துக்கு வடாம் எடுக்கக்கூடப் போகாதவனா வீரன் என்று கேட்டாள்.

நாலு நாள் கழித்து விளக்கம் கேட்டு நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. பணியை மறுத்தது ஏன்? நான் இரண்டு பக்கம் பதில் எழுதினேன். அதில் உழைக்கும் வர்க்கம் மூன்று இடத்தில் வந்தது, வரலாறு இரண்டு இடத்தில். செயலாளரிடம் காட்டினேன். படித்து முடித்துத் தாளை மேஜையில் வைத்தார்.

"இன்னாண்ணா இது? நெசமா இன்னா நடந்துச்சு?"

இல்லை என்று சொல்ல வராதவனுக்குப் பொய்யும் நெடுநேரம் வராது. முழங்கால் ஆடியதையும், சங்கம் சொன்னதாகச் சொன்னதையும் சொல்லிவிட்டேன். சங்க அட்டையைத் திருப்பிக் கேட்பார் என்று நினைத்துச் சட்டைப்பைக்குள் கைவிட்டேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு முகம் மாறியது.

"யாரைக் கேட்டு சங்கம் சொல்லிச்சுன்னு சொன்னீங்க? எங்கிட்ட ஒரு போன் பண்ணியிருந்தா நானே சொல்லியிருப்பேனே. இப்ப பயமா இருந்துச்சுன்னே எழுதுங்க. கம்பம் சாய்ஞ்சிருந்துச்சு, காத்து அடிச்சுது, கூட ஆளு அனுப்பல, பயந்துட்டேன். இது போதும். மீதியெல்லாம் உங்க வாய்க்கு ஒட்டவே இல்ல."

அவர் சொன்னபடியே நாலு வரி எழுதினேன். விசாரணைக்கு அவரும் கூட வந்தார். விசாரித்த அதிகாரி கடிதத்தை இரண்டு முறை படித்தார். இப்படி ஒரு விளக்கத்தை அவர் எதிர்பார்க்கவில்லை என்று தெரிந்தது. நிஜமாகவே பயமா என்று கேட்டார். ஆமாம் சார், இப்போதும் கொஞ்சம் இருக்கிறது என்றேன். செயலாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அந்தக் கம்பத்துக்கு இரண்டாவது ஆள் ஏன் அனுப்பவில்லை? மேற்பார்வையாளர் அதற்கு நீண்ட பதில் சொன்னார். நீளம் கூடக்கூட அதிகாரி எழுதுவது குறைந்தது.

எனக்கு எச்சரிக்கைக் கடிதமும், மதுராந்தகம் பகுதிக்கு மாற்றமும் கிடைத்தன. செயலாளர் அதை எதிர்த்துப் போராடலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் மறுப்பு அதுதான். ஒரு மாதத்தில் கம்ப வேலைக்கு இருவர் என்று உத்தரவு வந்தது. நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும்.

அடுத்த கூட்டத்தில் நான் விழித்திருந்தேன். அன்று சாலையோர டீக்கடையில் அந்த ஒப்பந்தத் தொழிலாளி சொன்ன வார்த்தைகளை எழுந்து அப்படியே சொல்லி, அவர்களையும் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்றேன். ஒப்பந்த ஆட்களைச் சேர்த்தால் நமக்கு என்ன லாபம் என்று ஒருவர் கேட்டார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். சில மாதம் முன்பு என்றால் நானும் அதற்குத் தலையாட்டியிருப்பேன். வாக்கெடுப்பு வரை போய், மிகக் குறைந்த வித்தியாசத்தில் அவர்களையும் சேர்ப்பது என்று முடிவானது. உத்தரவு அவர்களுக்கும் நீள ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் ஒப்பந்தக்காரர், சங்கத்தில் சேர்ந்தவர்களில் இருவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். அந்த இருவரில் ஒருவருக்காகச் செயலாளர் இன்னும் தொழிலாளர் அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருக்கிறார்.

அன்று எனக்குப் பதிலாகக் கம்பம் ஏறியவரும் சங்கத்தில் சேர்ந்தார், ஆனால் உடனே அல்ல. போன மாதம் திருப்போரூரில் ஆள் பற்றாக்குறை என்று என்னை அங்கே அனுப்ப, அவரும் நானும் ஒரே கம்பத்துக்கு வந்து சேர்ந்தோம். பெல்ட்டை நீட்டினேன். அவர் அதை வாங்கி என் இடுப்பில் மாட்டிவிட்டு, ஏணியின் காலைப் பிடித்தபடி குந்திக்கொண்டார். காற்று இல்லை, மழை இல்லை, கம்பமும் நேராகத்தான் நின்றது. சாக்குச் சொல்ல எதுவும் கிடைக்காததால் ஏறினேன்.