அப்பாவின் பெயரைச் சொல்லி எடுத்த போன்

இந்த ஜெர்மனியில் டெலிபோன் மணி அடித்தால் யாரும் ‘ஹலோ’ சொல்லி எடுப்பதில்லை. தன் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் எடுக்கிறார்கள். என் மேலதிகாரி ‘பிராண்ட்!’ என்பார், வகுப்பில் வருகைப் பதிவு வாசிக்கும்போது ‘உள்ளேன் ஐயா’ சொல்கிற விறைப்போடு. நான் வந்த புதிதில் ‘ஹலோ’ என்று எடுப்பேன். எதிர்முனையில் ஒரு சங்கடமான மௌனம் விழும். பெயர் சொல்லாமல் எடுத்தால் எதையோ மறைக்கிறாள் என்று நினைப்பார்கள் என்று பிராண்ட் ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார். குடும்பப் பெயருக்கு நான் எங்கே போவேன்? திருச்சி மன்னார்புரத்தில் பிறந்தவளுக்கு இருப்பதெல்லாம் ஒரு இனிஷியல். பாஸ்போர்ட்டில் அந்த ‘எஸ்’ விரிந்து அப்பாவின் பெயராகி, இங்கே அதுவே என் பெயராகிவிட்டது. ஸ்டெல்லா என்று கூப்பிட ஆளில்லை. தபால்காரர் முதல் ரொட்டிக் கடைக்காரி வரை எல்லாருக்கும் நான் ஃபிராய்லைன் சவரிமுத்து, அதாவது செல்வி சவரிமுத்து. சரி என்று, மணி அடித்தால் ‘சவரிமுத்து!’ என்று எடுக்கப் பழகினேன். பெற்ற அப்பாவை மொட்டையாகப் பேர் சொல்வதா! முதல் சில வாரம் நாக்கு கூசியது. அப்புறம் அதுவும் பழகிவிட்டது. அந்த அப்பா என்னோடு பேச்சை நிறுத்தியிருந்த வருஷங்கள் அவை.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள், நீ அங்கே என்னதான் செய்கிறாய் என்று கேட்பீர்கள். உங்கள் டிவி பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு சின்ன உலோகக் குப்பி இருக்கும். அதற்குள் விரல் நகம் அளவு படிகத் துண்டு. படிகத்தின் மேல் இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்றாக, கண்ணுக்குத் தெரியாத அளவு நுணுக்கமான இரண்டு உலோகச் சீப்புகள். மின்சாரமாக வருகிற சிக்னலை முதல் சீப்பு படிகத்தின் மேல் ஒலி அலையாக எழுப்பும். அலை ஊர்ந்துபோய் எதிர்ச் சீப்பில் மறுபடி மின்சாரமாகும். சீப்பின் பல் இடைவெளிக்குப் பொருந்துகிற அலை மட்டும்தான் தேறும். பக்கத்து நிலையத்தின் அலை உள்ளே நுழைய முடியாது. பல்லை எங்கே வைப்பது, எவ்வளவு நீளம் வைப்பது என்று ஒவ்வொரு தடவையும் செய்து பார்த்துத் தெரிந்துகொள்வதென்றால் ஆயுசு போதாது. அதனால் முதலில் கம்ப்யூட்டருக்குள்ளேயே அந்தப் படிகத்தை வைத்து, அலையை ஓடவிட்டுப் பார்ப்போம். அதற்கான புரோகிராமை ஃபோர்ட்ரான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதுவதுதான் என் வேலை.

அலையை நான் முதலில் பார்த்தது உய்யக்கொண்டான் வாய்க்காலில். எம்.எஸ்ஸி. படிக்கும்போது நானும் வைதேகியும் லேப் முடிந்து வருகிற வழியில் பாலத்தில் நின்று கல் போடுவோம். வைதேகி ஸ்ரீரங்கத்துப் பெண், கோயில் கைங்கரியக் குடும்பம். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவள். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது பௌதிகமும் வாயும்தான். அவள் ஒரு கல், நான் ஒரு கல். இரண்டு வட்டமும் கலக்கும். போய்க் கரைச்சுவரில் இடித்துத் திரும்பும். திரும்பி வந்ததும் புதிதாய்ப் போவதும் மறுபடி கலந்து தண்ணீர் முழுக்கக் குழம்பிப் போகும். ‘இதையெல்லாம் கணக்குப் போடச் சொன்னா உங்கப்பாவே சன்னியாசம் வாங்கிண்டுடுவார்டி’ என்பாள். என் அப்பா பையன்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார்.

என் முதல் புரோகிராமில் கரைச்சுவரே கிடையாது. சீப்பின் ஒவ்வொரு பல்லும் தண்ணீரில் போட்ட ஒரு கல். ஒவ்வொன்றின் அலையும் எதிர்ச் சீப்புக்கு எப்போது போய்ச் சேரும் என்று பார்த்துக் கூட்டிவிட்டால் விடை வந்துவிடும். போன அலை போனதுதான், எதுவும் திரும்பி வராது. கம்ப்யூட்டர் விடையைத் தாளில் வரைந்து காட்டுகிற பிளாட்டரில் பேனா போட்ட கோடு இஸ்திரி போட்டது மாதிரி வந்தது. பிராண்ட் அதைப் பார்த்துவிட்டு ‘ஷோனெஸ் மெர்ஷென்’ என்றார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் ‘ஷோன்’ என்றால் அழகு. பல்லெல்லாம் தெரியச் சிரித்து நன்றி சொன்னேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார். வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினால், அழகான கட்டுக்கதை என்று அர்த்தம்! நிஜப் படிகத்தை அளந்தபோது கோட்டின் உச்சி முழுக்க வரி வரியாய் நெளிந்திருந்தது. அலை எதிர்ச் சீப்பைத் தொட்டதும் அதில் ஒரு பங்கு திரும்பிவந்து, முதல் சீப்பில் இடித்து, மறுபடி புறப்பட்டுப் போகிறது. மூன்று முறை குறுக்கே நடந்து தாமதமாக வந்து சேர்கிற அந்த அலைதான் டிவி திரையில் ஆளுக்குப் பக்கத்தில் மங்கலாய் இன்னொரு ஆளாக நிற்கும். திருச்சியில் நெட்டைக் கம்பம் நட்டு சிலோன் டிவி பார்த்தவர்களுக்கு அந்த இரண்டாம் ஆளை நன்றாகத் தெரியும். அங்கே வேறு காரணத்தால் வருவது, பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பிராண்ட் எனக்குக் கொடுத்த வேலை அந்தத் திரும்பி வருகிற அலையையும் கணக்கில் சேர்ப்பது. அதற்கு ஒவ்வொரு பல்லையும் தனித்தனி மின்சுற்றாக எழுதிக் கோக்க வேண்டும். நான் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கும் எனக்கும் நடந்ததைச் சொல்கிறேன். அம்மா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டாள். அப்பாவிடம் ஒரு வழக்கம்; ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் ‘ஆகவே’ என்று இழுத்து, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு, அப்புறம்தான் விடை சொல்வார். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், கடைசி பெஞ்சிலிருந்து அவர் குரலிலேயே ‘ஆகவே...’ என்று எழும்பும். வேலை பார்த்த காலம் முழுக்க அந்த மனிதர் தன் குரல் முதுகுக்குப் பின்னால் திரும்பி வருவதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். வீட்டில் நானும் செய்து காட்டுவேன். அம்மா வயிறு குலுங்கச் சிரித்து, ‘அப்படியே உரிச்சு வச்சிருக்கா பாருங்க’ என்பாள். அவள் போனபிறகு வீட்டில் யாரும் சிரிக்கவில்லை, நானும் செய்யவில்லை. பிற்பாடு உப்பிலியபுரத்தில் ஒரு மாப்பிள்ளை அமைந்தார், நல்ல குடும்பம். அதே மாதம் எனக்கு ஜெர்மனியில் படிக்க உதவித்தொகை வந்தது. போகிறேன் என்றேன். ‘போறதுன்னா போ. எங்கிட்ட கேக்காத’ என்றார். வீட்டிலிருந்து ஜங்ஷன் நடக்கிற தூரம்தான். ரயிலடிக்கு வைதேகி வந்தாள், புளியோதரைப் பொட்டலத்தோடு. அப்பா வரவில்லை.

இங்கே வந்து, படிப்பு முடிந்து வேலையில் சேர்ந்த பிறகும், நான் எழுதிய கடிதம் எதற்கும் அவரிடமிருந்து பதிலில்லை. தனிமை என்று சும்மா சொல்கிறோமே, எனக்கு அது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கடையெல்லாம் சாத்தி, தெருவில் ஒரு சைக்கிள்கூட ஓடாமல், பூசை முடிந்து எல்லாரும் கைகுலுக்கிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனபிறகு, சோற்றை வடித்து நானே போட்டு நானே சாப்பிடுகிற நேரம். மன்னார்புரத்திலும் அன்றைக்கு ஒருத்தர் தானே பொங்கித் தானே சாப்பிட்டிருப்பார் என்று நினைத்தால் சோறு இறங்காது.

ஒரு கிறிஸ்துமஸுக்கு வைதேகிதான் மல்லுக்கட்டி அவரைச் சம்மதிக்க வைத்தாள். அவள் அப்போது உள்ளூர்க் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் போனும் இருந்தது. அப்பா ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து, காவிரிப் பாலம் தாண்டி, உத்தர வீதியில் அவள் வீட்டுக்கு வருவது, அங்கிருந்து ஜெர்மனிக்கு ஒரு கால் புக் செய்வது என்று ஏற்பாடு. நான் காலையிலிருந்து போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே பனி. என்ன பேசுவது என்று திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்தேன். மணி அடித்தது. நடுவில் ஆபரேட்டர் வருவார் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. பதற்றத்தில் கை தானாக எடுக்க, வாய் தானாகச் சொன்னது:

“சவரிமுத்து!”

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும். அப்புறம் அப்பாவின் குரல், எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம். “ஸ்டெல்லாவா? அப்பா பேசுறேன்.”

நான் “அப்பா” என்று வாயைத் திறப்பதற்குள் அவரே, “என்னது?” என்றார். கொஞ்சம் விட்டு, “யாரது பேசுறது?” என்றார். “நான்தாம்ப்பா” என்று நான் கத்த, அவர் குரல் கடுமையானது. “நிறுத்து!” அடுத்த நொடி ரிசீவரை மேஜையில் வைக்கிற சத்தம். லைன் அறுபடவில்லை. வைதேகி வீட்டுக் கூடத்தில் நடப்பதெல்லாம் எனக்குக் கேட்டது.

“ஏன் சார் எழுந்துண்டுட்டேள்? பேசுங்கோ!” என்றாள் வைதேகி.

“என்னத்தம்மா பேசறது. எடுத்ததும் எம்பேரை மொட்டையாச் சொல்றா. நான் சொன்னதெல்லாம் எங்குரல்லயே திருப்பிச் சொல்றா. இவ்வளவு தூரம் போயும் அவளுக்கு அந்தக் கிண்டல் போகலையே.”

“அப்பா, அது நான் இல்லப்பா!” என்று, அங்கே மேஜையில் கிடக்கிற ரிசீவர் வழியாகவாவது கேட்கட்டும் என்று கத்தினேன். என் கத்தல் ஸ்ரீரங்கம் வரை போய், அரை நொடி கழித்து என் காதுக்கே திரும்பி வந்தது. “...நான் இல்லப்பா.” அப்புறம் லைன் போய்விட்டது.

அடப்பாவி மனுஷா! அது எதிரொலி. குரல் சாட்டிலைட்டுக்கு ஏறி இறங்கி, எதிர்முனை ஒயரில் இடித்து, ஒரு பங்கு பேசினவர் காதுக்கே வந்து சேருகிறது. அதைத் தடுக்க எக்ஸ்சேஞ்சில் கருவி உண்டு, எல்லா நாளும் அது வேலை செய்யாது. என் படிகத்தில் நடப்பதும் கிட்டத்தட்ட அதே கூத்துதான். உலகத்தில் இதை விளக்கத் தெரிந்த சில பேரில் நான் ஒருத்தி, என் அப்பாவுக்கு விளக்க எனக்கு அரை நிமிஷம் கிடைக்கவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன். அதைவிட எரிச்சல், அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அவர் குரல் என் பக்கத்திலிருந்துதான் திரும்பிப் போயிருக்கிறது.

அந்த அழுகையில்தான் புரோகிராமுக்கு வழி தெரிந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், உண்மை அதில்லை. வழி முன்னாலேயே தெரியும். விடுமுறை நாளில் போக்கிடம் இல்லாததால் ஆபீஸுக்குப் போய் டெர்மினல் முன்னால் உட்கார்ந்து, பல் பல்லாக எழுதித் தீர்த்தேன். ஜனவரி முடிவதற்குள் கம்ப்யூட்டர் கோட்டிலும் நிஜப் படிகத்தின் அதே நெளிவு, அதே இடத்தில் வந்துவிட்டது. பிராண்ட் இரண்டு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்த ஆப்பிளை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். பாராட்டா, சாப்பிட மறந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. வைதேகிக்கு எழுதினேன். எதிரொலி, சாட்டிலைட், இந்த நாட்டில் போன் எடுக்கிற முறை, என் பெயரான அப்பாவின் பெயர், எல்லாவற்றையும் படம் போட்டு எழுதினேன். அவரிடம் கெஞ்சாதே, கணக்காகச் சொல் என்று கடைசியில் சேர்த்தேன்.

ஈஸ்டருக்கு மறுநாள் இங்கே விடுமுறை. மத்தியானச் சோறு அடுப்பில் இருந்தபோது போன் அடித்தது. பயத்தில் இந்தத் தடவை “ஹலோ” என்றேன்.

“அப்பா பேசுறேன்.” நிறுத்தினார். தன் குரல் திரும்பி வந்து அடங்கும்வரை காத்திருக்கிறார் என்று புரிந்தது. பையன்களுக்குக் கணக்கு வாசித்து எழுதச் சொல்கிற மாதிரி, ஒரு வாக்கியம், ஒரு நிறுத்தம். “வைதேகி படம் காட்டிச்சு.” நிறுத்தம். “நானும் கணக்குப் போட்டுப் பாத்தேன். மேல ஏறி இறங்கி, திரும்ப ஏறி இறங்கி. ஆகவே...” மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டிருப்பார். “அரை நொடி. சரியா வருது.”

“சரியா வருதுப்பா” என்றேன்.

“சாப்பிட்டியா?”

“அடுப்புல இருக்குப்பா. நீங்க?”

“ஆச்சு. வைதேகி வீட்டுல ரசம் சாதம், அவங்க சாத்தமுதுங்கிறாங்க. நல்லாத்தான் இருந்துச்சு.” நிறுத்தம். “அங்க எம்பேரைச் சொல்லித்தான் எடுக்கணுமாமே.”

“ஆமாப்பா.”

“தினமுமா?”

“போன் அடிக்கிறப்பல்லாம்ப்பா.”

பின்னால் உத்தர வீதியில் ஏதோ வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. பிறகு, “இன்னிக்கு ஏன் சொல்லல?” என்றார். “பயந்துட்டேம்ப்பா” என்றேன். “சொல்லு, கேக்கிறேன்” என்றார்.

சொன்னேன். அவர் காது கேட்க, மொட்டையாக, ஆபீஸில் சொல்கிற மாதிரியே. “சவரிமுத்து.”

அந்தப் பெயர் காவிரிக்கு அந்தப் பக்கம் போய், நான் இல்லாத அந்தக் கூடத்தைத் தொட்டுவிட்டு, கொஞ்சம் மெலிந்து என் காதுக்குத் திரும்பியது. அதன் பின்னாலேயே, ஆயுசு முழுக்க வருகைப் பதிவில் பிறத்தியார் பெயரை வாசித்துப் பழகிய அந்தக் குரல் வந்தது.

“உள்ளேன்.”

அவர் மறுபடி நிறுத்தினார். இந்த அறையின் ஒயரில் இடித்து, அரை நொடியில் அவருடைய ‘உள்ளேன்’ அவர் காதுக்கே போயிருக்கும், என் பக்கத்திலிருந்து. அது முழுசாக அடங்கும்வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.