ஜப்பானில் வெள்ளி, ரொறொன்ரோவில் வியாழன்

என் கணவரின் திட்டமிடும் திறமையைப் பற்றி ரொறொன்ரோவில் நாங்கள் இருக்கும் மல்வேர்னில் பெருமையாகப் பேசுவார்கள். பேசுவது பெரும்பாலும் அவரேதான். ஜப்பான் பயணத்துக்கு மாதக்கணக்கில் திட்டம் போட்ட மனிதர், டோக்கியோ மீன் சந்தைக்கென்று ஒதுக்கிய ஒரே காலையைக் கொண்டுபோய் வெள்ளிக்கிழமையில் வைத்தார்.

எங்கள் வீட்டில் வெள்ளியென்றால் சைவம். எங்களோடு இருக்கும் இவருடைய அம்மா, அதாவது என் மாமி, வகுத்த சட்டம் அது. கலியாணமான நாளிலிருந்து ஒரு வெள்ளியிலும் நான் மீன் தொட்டதில்லை. ஆனால் அந்தச் சந்தையில் ஒரு கிண்ணம் பச்சைச் சூரை மீன் சாப்பிட வேண்டுமென்பதுதான் முழுப் பயணத்திலும் எனக்கிருந்த ஒரே ஆசை. டோக்கியோ கோபுரமும் புல்லட் ரயிலும் இவருடைய ஆசைகள். அன்று பின்னேரமே எங்களுக்கு விமானம்.

சந்தைக்குள் முன்னாலும் சனம், பின்னாலும் சனம், நடுவில் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர் தள்ளுவண்டியோடு. ஐஸ் பெட்டிகளில் மீன்கள் மினுங்கிக்கொண்டு கிடந்தன. இவர் வழக்கம்போல ஒன்றின் செவுளைத் தூக்கிப் பார்க்க விரலை நீட்டினார். எங்கள் ஊர் ஸ்காபரோ மீன்கடையில் அப்படிப் பார்க்காவிட்டால் இவருக்கு நித்திரை வராது. கடைக்காரர் சிரித்து, குனிந்து வணங்கி, இவருடைய கையைப் பெட்டிக்கு வெளியே எடுத்து வைத்தார். அவ்வளவு மரியாதையாக எங்களை யாரும் ஏசியதில்லை.

அடுத்த கடையில் சூரைக் கிண்ணத்தின் படத்தைக் கண்ட பிறகுதான் எனக்குக் கிழமை ஞாபகம் வந்தது.

"ஐயோ, இண்டைக்கு வெள்ளியெல்லோ!"

இவருடைய முகம் மாறவேயில்லை. "எங்க வெள்ளி? ரொறொன்ரோவில இப்ப வியாழன் பின்னேரம். நாங்கள் ரொறொன்ரோ ஆக்கள். எங்கட முருகன் கோயிலும் அங்கதான்."

"இண்டைக்குப் பிளேன் ஏறினா அங்கயும் வெள்ளியிலதானே இறங்குவம்?"

"அப்ப அங்க போய் வெள்ளி பிடிப்பம். வாரும், லைன் நீளுது."

முருகனுக்கே மணிக்கூட்டை மாற்றிவைத்த மனிதரை என்ன சொல்ல! இவரை வெளிநாட்டு அமைச்சராக்காதது கனடாவின் துரதிர்ஷ்டம். ஆனால் நான் மறுத்துப் பேசவில்லை. கரும்பு தின்னக் கூலியா?

வரிசையில் நின்று, இடிபட்டு, கடைசியில் ஒரு ஸ்டூலில் பாதி இடம் கிடைத்தது. சோற்றின் மேல் சிவக்கச் சிவக்கச் சூரைத் துண்டுகள். ஒன்றை வாயில் வைத்தேன். உறைப்பில்லை, புளியில்லை, அப்படியே கரைந்து போனது. கண் கலங்கியது. ஓரத்தில் இருந்த வசாபி உறைப்பின் வேலை என்றார் இவர். இல்லை, எனக்குச் சந்தோஷம்.

இவரும் ஒரு துண்டை வாயில் போட்டார், அப்போதுதான் இவருடைய போன் அடித்தது. வீடியோவில் மாமி, பின்னால் எங்கள் குசினி அடுப்பு. இவர் கிண்ணத்தை முழங்கையால் கமராவுக்கு வெளியே தள்ளினார்.

"விடிஞ்சிட்டுதோ பிள்ளையள்?"

"ஓம் அம்மா. நீங்கள் சாப்பிட்டிட்டியளோ?"

"பருப்பும் சோறும் சாப்பிட்டன். பக்கத்து வீட்டுப் பிள்ளை விளைமீன் குழம்பு கொண்டந்தவள், வேண்டாமெண்டு திருப்பிக் குடுத்துவிட்டிட்டன்."

"ஏனம்மா? அங்க வியாழன்தானே!"

"எனக்கு வியாழன். உங்களுக்கு வெள்ளியெல்லோ? என்ர பிள்ளையள் அவ்வளவு தூரத்தில போய் வெள்ளி பிடிக்கேக்க நான் இஞ்ச இருந்து மீன் தின்னுறதே? இண்டைக்கு உங்கட வெள்ளி, நாளைக்கு என்ர வெள்ளி. ரெண்டு நாள் சைவம் சாப்பிட்டா நான் என்ன தேய்ஞ்சே போவன்?"

விளைமீன் குழம்பென்றால் மாமிக்கு உயிர். எனக்கு வெட்கமாக இருந்தது, இவர்மேல் கோபம் கோபமாகவும் வந்தது. வெளிநாட்டு அமைச்சரோ வாயிலிருந்த துண்டை மெல்லாமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"அதை விடு. நீங்கள் என்ன சாப்பிட்டனீங்கள்?"

இவர் ஒருவழியாக விழுங்கினார். "சோறம்மா."

"வெறுஞ்சோறே? கறி ஒண்டும் கிடைக்கேல்லையோ, பாவங்கள்!" என்றார் மாமி.