மாமிக்குச் சொல்லாமல் பிரான்சுக்கு

பிரான்சின் நாட்டுப்புறத்துக்கு எங்கள் எல்லோரையும் நான்கு நாள் கூட்டிப்போவதாக கம்பனி அறிவித்த அன்று ரொறன்ரோ அலுவலகமே துள்ளிக் குதித்தது. நகரின் வோபர்ன் பகுதியில் என் வீட்டுக் குசினியில் மட்டும் ஒரே கேள்விதான் எழுந்தது. பாரிஸ் மாமிக்குச் சொல்வதா, விடுவதா?

மாமி என் தாய்மாமனின் மனைவி. கனடாவுக்கு வரும் வழியில் ஏழு மாதம் அவர்களுடைய ஒற்றை அறை வீட்டில்தான் நான் படுத்து எழும்பினேன். ஒருநாள் காலை மாமனும் மாமியும் வேலைக்குப் போயிருந்தபோது என்னைக் கனடாவுக்கு அனுப்பக் காசு வாங்கிய ஏஜென்ட் வந்து உடனே வெளிக்கிடச் சொன்னான். அந்தக் காலத்தில் யார் கையிலும் போன் கிடையாது. மாமி எனக்காகச் சமைத்து மூடி வைத்திருந்த சோற்றைக்கூடத் தொடாமல் போய்விட்டேன். அதைப் பற்றி மாமி ஒருநாளும் பேசியதில்லை. அவர் பேசாததுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

அப்படியானால் சொல்லவேண்டியதுதானே என்பீர்கள். ஆனால் பாரிசில் எங்களுக்கு ஒன்பது வீட்டில் சொந்தக்காரர் உண்டு. ஒரு வீட்டில் தேத்தண்ணி குடித்தால் ஒன்பது வீட்டிலும் குடிக்கவேண்டும். ஒன்றை விட்டால் அடுத்த கல்யாணத்தில் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். பயண அட்டவணையிலோ மூச்சுவிட நேரமில்லை.

"ஒருத்தருக்கும் சொல்லாமல் போயிட்டு வாங்கோ. படமொண்டும் போட்டிடாதேங்கோ" என்றாள் மனைவி. நானும் கோழைபோலத் தலையாட்டினேன்.

லுவார் ஆற்றுப் பக்கம் ஒரு பழைய பண்ணை வீட்டில் தங்கினோம். முதல் நாள் கோட்டை பார்த்தோம். படி ஏறிக் களைத்த எங்கள் கம்பனி டைரக்டர் அம்மா, அங்கே இருந்த ராணியின் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். காவலாளி ஓடி வந்து எழுப்பினான். இரண்டாம் நாள் ஆட்டுப்பாலில் சீஸ் செய்யும் பண்ணை. அங்கே ஓர் ஆடு என் கழுத்தில் தொங்கிய கம்பனி அட்டையைச் சப்பத் தொடங்கியது. அந்தப் படத்தை மனைவிக்கு மட்டும்தான் அனுப்பினேன். அவள் சிரிப்புத் தாங்காமல் அதை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள்.

பத்து நிமிடத்தில் என் போன் அடித்தது.

"தம்பி, பிரான்சிலை ஆடு மேய்க்கிறியாம்?"

"மாமி, அது வந்து... கம்பனி விசயமா..."

"விலாசத்தை அனுப்பு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். குரலில் கோபமா, மனநோவா என்று பிடிபடவில்லை. இரண்டாம் முறையும் அவரிடம் சொல்லாமல் ஓடப் பார்த்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் மதியச் சாப்பாடு இரண்டு மணி நேரம் நீண்டது. சாலட், வாத்துக்கால், நாலு வகை சீஸ், கடைசியில் அப்பிள் டார்ட். எல்லோரும் நாற்காலியில் சரிந்து கிடந்த நேரத்தில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மாமன் ஓட்டி வந்திருந்தார். துவாய் சுற்றிய சட்டிகளோடு மாமி இறங்கினார். யாழ்ப்பாணத்து இழுவையோடு பிரெஞ்சு பேசி, பண்ணை வீட்டு அம்மாவை ஏவி, ஐந்து நிமிடத்தில் புதுத் தட்டுகள் வைப்பித்துவிட்டார்.

இனி ஒரு வாய் இறங்காது என்றவர்களெல்லாம் கணவாய்க் கறிக்கு வரிசையில் நின்றார்கள். டைரக்டர் மூக்கைத் துடைத்துத் துடைத்து மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார். என் தட்டை மட்டும் மாமி தன் கையாலேயே நிரப்பினார்.

"மாமி, வயிறு வெடிக்கும். இப்பத்தான் சாப்பிட்டனான்."

மாமி எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "அண்டைக்கும் நீ சாப்பிடாமல்தானே போனனி. அந்தச் சோத்தை ரெண்டு நாள் எறியாமல் வைச்சிருந்தனான், திரும்பி வருவாய் எண்டு."

என் கண் நிறைந்துவிட்டது. உறைப்பு என்று நினைத்த டைரக்டர் தண்ணீர்க் கிளாசை என் பக்கம் தள்ளினார். நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். எங்கே போயிற்றென்று எனக்கே தெரியாது.

புறப்படும்போது மாமி கார்க் கண்ணாடியை இறக்கி, "மற்ற எட்டு வீட்டுக்கும் நான் வாய் திறக்கேல்லை. படத்தையும் உன்ரை மனிசியைக் கொண்டு அப்பவே அழிப்பிச்சிட்டன். பயப்பிடாதை" என்றார்.

கடைசி நாள் எங்கள் பஸ் விமான நிலையத்துக்கு வெளிக்கிட முதல், நானே மாமிக்குப் போன் எடுத்தேன்.

"மாமி, நான் வெளிக்கிடுறன். போயிட்டு வாறன்."

இதைச் சொல்ல எனக்கு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பிடித்திருந்தது.

"ஓம், போயிட்டு வா" என்றார் மாமி. "சாப்பிட்டியோ?"